தீவிர வானிலையில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு? பரமட்டாவை முன்வைத்து ஓர் ஆய்வு

2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கே பென்ரித்தில் வெப்பநிலை 48.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. மேற்குச் சிட்னியின் பரமட்டாவில் 47 டிகிரி. சிட்னிப் பெருநகரப் பகுதியில் அதற்கு முன் பென்ரித் அளவு வெப்பம் பதிவானதில்லை. ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 7 முதல் 10 வரையிலான நான்கு நாட்களில், சிட்னியில் சுமார் 390 மி.மீ. மழை கொட்டியது. கொள்ளளவில் பாதிகூட இல்லாதிருந்த வாரகம்பா அணை சில நாட்களிலேயே 80 சதவீதத்தைத் தாண்டியது. அடுத்து 2021 மார்ச்சுக்கும் 2022 ஜூலைக்கும் இடையில் ஹாக்ஸ்பரி–நேப்பியன் ஆறு மூன்று முறை பெருவெள்ளமாகப் புரண்டது. 2022ஆம் ஆண்டில் சிட்னி 2,500 மி.மீ.க்கும் மேல் மழை பெற்று, 1950இல் பதிவான 2,194 மி.மீ. என்ற பழைய உச்சத்தை முறியடித்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் ஒரே வட்டாரம் வரலாறு காணாத வெப்பத்தையும் வரலாறு காணாத மழையையும் சந்தித்திருக்கிறது.

இவற்றில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு? இத்தகைய உச்சங்கள் ஏன் வருகின்றன என்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பலவிதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டின் இயல்பே இதுதான் என்றனர் சிலர். வானிலை ஒரு சுழற்சியில் வந்து போகிறது என்றனர் வேறு சிலர். வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயுவைச் சுட்டினர் மற்றவர்கள். இந்த நிலைப்பாடுகள் எங்கிருந்து தோன்றின, எதை விளக்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். வெப்பமாதலின் பங்கு எல்லாத் தீவிர நிகழ்வுகளிலும் ஒரே அளவு உறுதியுடன் நிறுவப்படவில்லை என்பது இதன் மைய வாதம். வெப்பத்தில் உறுதி மிக அதிகம். குறுகிய நேரப் பெருமழையில் வலுத்துவருகிறது. ஆற்று வெள்ளத்தில் சிக்கலாகிறது. வறட்சியிலும் புயலிலும் ஆலங்கட்டியிலும் குறைகிறது. இந்த வேறுபாட்டை மறைப்பவர்கள், எந்தப் பக்கம் நின்றாலும், மக்களுக்கு நன்மை செய்வதில்லை.

சுழற்சிகளில் விடை தேடிய காலம்

சிட்னித் துறைமுகத்தில் குடியேற்றம் தொடங்கிய 1788இலேயே வில்லியம் டாஸ் என்ற மரைன் படை அதிகாரி வானிலைக் குறிப்பேட்டைத் தொடங்கிவிட்டார். அவருடைய சமகாலத்தவரான வாட்கின் டென்ச் 1790 டிசம்பரிலும் 1791 பிப்ரவரியிலும் வீசிய கடும் அனல்காற்றைப் பதிவு செய்திருக்கிறார். டிசம்பரில் சிட்னியின் வெப்பமானி 109 பாரன்ஹீட் வரை ஏறியது; அதாவது ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ். பிப்ரவரியில் ரோஸ் ஹில்லில், அதாவது அதே ஆண்டு ஜூனில் பரமட்டா எனப் பெயர் மாறிய ஊரில், பழந்தின்னி வௌவால்கள் கூட்டங்கூட்டமாக மரங்களிலிருந்து செத்து விழுந்தன. ஹாக்ஸ்பரிக் கரையில் முதலில் நடந்தவர்கள் மரக்கிளைகளின் உச்சியில் வெள்ளம் விட்டுச்சென்ற சருகுகளைக் கண்டார்கள். அந்த நீர்மட்டம் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த தாருக் மக்களுக்குப் புதிதல்ல. 1810இல் ஆளுநர் மக்குவாரி வின்ட்சர், ரிச்மண்ட் உள்ளிட்ட ஐந்து ஊர்களை மேட்டு நிலங்களில் அமைத்ததும் வெள்ளத்தின் அனுபவத்தால்தான். வெப்பமும் வெள்ளமும் இந்த மண்ணுக்கு உரியவை என்ற முதல் நிலைப்பாடு இவ்வாறு கண்ணெதிரே கண்ட உண்மையிலிருந்து பிறந்தது.

அடுத்த நூற்றாண்டில் அறிவியலாளர்கள் இந்த ஏற்ற இறக்கங்களுக்குள் ஒழுங்கு தேடினார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு வானியலாளர் ஹென்றி சேம்பர்லின் ரஸ்ஸல் 1896இல் நல்ல பருவங்களும் கெட்ட பருவங்களும் 19 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன என்று வாதிட்டார். அடிலெய்டில் இருந்த சார்லஸ் டாட், ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் ஒரே காலத்தில் வறட்சிக்கு ஆளாவதை 1888லேயே கவனித்திருந்தார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை சூறையாடிய பெரும்பஞ்சம் இந்தியாவில் பருவமழைக் கணிப்பை அரசின் கடமையாக்கியது. அந்தத் தேடலின் வழியே, 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டறிந்து அதற்குத் தெற்கு அலைவு எனப் பெயரிட்டார். 1969இல் ஜேக்கப் யெர்க்னஸ் அதை, கிழக்குப் பசிபிக் அவ்வப்போது சூடாகும் எல் நினோவுடன் இணைத்து விளக்கினார். தமிழ்நாட்டின் பஞ்சத்தையும் பரமட்டாவின் வறட்சியையும் ஒரே கடல் அசைவு கட்டிவைத்திருக்கிறது என்பது இந்த ஆய்வு மரபு நமக்குத் தந்த பெரும் கொடை.

ஹாக்ஸ்பரி–நேப்பியனைப் பொறுத்தவரை, வெய்ன் எர்ஸ்கினும் ராபின் வார்னரும் 1988இல் இன்னொரு கருத்தை முன்வைத்தார்கள். வெள்ளம் மிகுந்த பல பத்தாண்டுகளும் வறட்சி மிகுந்த பல பத்தாண்டுகளும் இங்கே மாறி மாறி வருகின்றன என்றார்கள். வின்ட்சரில் நீர்மட்டத்தை 19.7 மீட்டருக்கு உயர்த்திய 1867ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அத்தகைய ஈரமான காலத்தைச் சேர்ந்தது. இந்த வகை விளக்கங்களின் வலிமை, எந்த ஆண்டு ஏன் ஈரமாகவோ வறண்டோ இருந்தது என்று சொல்லக்கூடியதில் இருக்கிறது. 2019இன் வறட்சிக்கு இந்தியப் பெருங்கடல் இருமுனையின் வலுவான நேர்நிலையும், 2020 முதல் 2023 வரையிலான மழைக்குத் எல் நினோவின் எதிர்நிலையாகத் தொடர்ந்து மூன்று முறை வந்த லா நினாவும் பெரிய காரணங்கள் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. பலவீனம் வேறிடத்தில் உள்ளது. ரஸ்ஸலின் 19 ஆண்டுக் கணக்கு காலத்தின் சோதனையில் தேறவில்லை. எல் நினோ ஒழுங்கான இடைவெளியில் வருவதுமில்லை. அதைவிட முக்கியமாக, ஊசலாட்டம் மேலும் கீழும் போய்வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் வெப்பநிலையோ ஒரே திசையில் ஏறிக்கொண்டிருக்கிறது. லா நினா ஆண்டுகள் வழக்கமாகக் குளிர்ச்சியானவை. ஆனால் அண்மைக்கால லா நினா ஆண்டுகள் பழைய எல் நினோ ஆண்டுகள் பலவற்றைவிட வெப்பமாக இருந்திருக்கின்றன. ஊசல் ஆடும் தளமே உயர்ந்துவிட்டது என்பதைச் சுழற்சிக் கோட்பாட்டால் விளக்க முடியாது.

இயற்பியலிலிருந்து வந்த விடை

ரஸ்ஸல் சிட்னியில் தன் 19 ஆண்டுச் சுழற்சியை வெளியிட்ட அதே 1896இல், ஸ்வீடனில் ஸ்வான்டே அர்ரேனியஸ் காற்றில் உள்ள கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டு வெளியிட்டார். நூறாண்டுக்குப் பின் உலகம் முழுதும் எதிர்கொள்ளும் விவாதத்தின் இரு கிளைகளும் ஒரே ஆண்டில் முளைத்தன எனலாம். இரண்டாவது கிளையின் வாதம் எளிமையானது. சராசரி வெப்பநிலை சிறிது உயர்ந்தாலே, முன்பு மிக அரிதாக இருந்த உச்ச வெப்பம் பல மடங்கு அடிக்கடி வரும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். ஆகவே கொட்டுவதற்கு அதிக நீர் தயாராக இருக்கும். அதே சூடான காற்று மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் ஈரத்தை விரைவாக உறிஞ்சவும் செய்யும். ஈரமான நாட்களில் மிகையான மழை, காய்ந்த நாட்களில் மிகையான காய்ச்சல் என்ற முரண் போலத் தோன்றும் இரு விளைவுகளும் ஒரே இயற்பியலிலிருந்து வருகின்றன.

ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் இதை எண்களாகத் தொகுத்தது. மனிதத் தாக்கத்திற்கு முன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் இன்று 2.8 மடங்கு அடிக்கடி வருகிறது. உலகம் 2 டிகிரி சூடானால் அது 5.6 மடங்காகும். நிலப்பரப்பில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த பெருமழை இன்று 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது. இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கவனிக்க வேண்டும். வெப்பம் நேரடியான விளைவு. மழையோ காற்றோட்டத்தையும் சார்ந்தது. நீராவி எவ்வளவு கூடும் என்பதை இயற்பியல் துல்லியமாகச் சொல்லும். அந்த நீராவியை எந்தக் காற்று எந்தக் கரைக்குக் கொண்டுவரும், எத்தனை நாள் அங்கே நிறுத்திவைக்கும் என்பதைச் சொல்வது மிகக் கடினம். உலக அளவிலான உறுதியை அப்படியே ஒரு ஊருக்கு இறக்கிக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஒற்றை நிகழ்வுக்குப் பொறுப்பைக் கணக்கிடுதல்

நெடுங்காலம் அறிவியலாளர்கள், எந்த ஒரு தனி நிகழ்வையும் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுத முடியாது என்று சொல்லிவந்தார்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தவர் மைல்ஸ் ஆலன். இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு பெருக்கெடுத்திருந்தபோது, 2003இல், ஒரு நிகழ்வின் வாய்ப்பை மனிதத் தாக்கம் எத்தனை மடங்கு உயர்த்தியது என்று கணக்கிட முடியும் என அவர் எழுதினார். அடுத்த ஆண்டே பீட்டர் ஸ்டாட், டெய்தி ஸ்டோன் ஆகியோருடன் சேர்ந்து, 2003இன் ஐரோப்பிய வெப்ப அலை போன்ற ஒன்றின் வாய்ப்பு மனிதர்களால் குறைந்தது இரட்டிப்பாகியிருக்கக்கூடும் என்று காட்டினார். ஆஸ்திரேலியாவில் சோஃபி லூயிஸும் டேவிட் கரோலியும் 2012–13 கோடையின் கடும் வெப்பத்தை இதே முறையில் ஆராய்ந்து, அதன் வாய்ப்பு பல மடங்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். பின்னர் ஃப்ரெடரிக்கே ஓட்டோவும் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் தொடங்கிய உலக வானிலைக் காரணிக் குழு, நிகழ்வு முடிந்த சில நாட்களிலேயே இத்தகைய கணக்கை வெளியிடத் தொடங்கியது.

இந்த முறைக்கும் வரம்புகள் உண்டு. எந்தப் பரப்பை, எத்தனை நாளை நிகழ்வு என்று வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2010இன் ரஷ்ய வெப்ப அலையை ஒரு குழு பெரும்பாலும் இயற்கையின் விளைவு என்றது. இன்னொரு குழு வெப்பமாதலின்றி அந்தச் சாதனை வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. ஒன்று வெப்பத்தின் அளவைக் கேட்டது, மற்றொன்று அதன் வாய்ப்பைக் கேட்டது. இரண்டும் ஒருங்கே சரியாக இருக்க முடியும் என்று பின்னர் விளக்கப்பட்டது. மேலும், பேரழிவு நடந்த இடங்களே ஆய்வுக்கு எடுக்கப்படுவதால் ஒருபக்கச் சாய்வு ஏற்படலாம் என்ற குறையும் நியாயமானது. ஆனாலும் இந்த முறை எதைக் கேட்டாலும் ஆம் என்று தலையாட்டுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த வான் ஓல்டன்போர்க் குழுவினர், அதில் வெப்பமாதலின் தெளிவான தடயத்தைக் காணவில்லை என்றே அறிவித்தார்கள். தூசு, புகை போன்ற காற்று மாசு அந்த விளைவை மறைத்திருக்கலாம் என்றும் கருதினார்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த முறை ஆம் என்று சொல்லும்போது அதை நம்புவதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

கெவின் ட்ரென்பெர்த் போன்றோர் வேறொரு வழியைப் பரிந்துரைத்தார்கள். குறிப்பிட்ட காற்றோட்டம் ஏன் வந்தது என்பதைத் தள்ளிவைத்து, வந்த காற்றோட்டம் சூடான உலகில் எவ்வளவு கூடுதல் மழையையும் வெப்பத்தையும் தந்தது என்று மட்டும் கேட்கலாம் என்பது அவர்கள் வாதம். முதல் முறை ஐயம் தீரும்வரை பொறுப்பை ஏற்றாமல் காத்திருக்கும். இரண்டாவது முறை உண்மையான தாக்கத்தைத் தவறவிடாமல் பார்க்கும். ஆனால் காற்றோட்டமே மாறியிருந்தால் இரண்டாவது முறைக்கு அது தெரியாது. ஒன்றை ஒன்று நிரப்பும் கருவிகளாக இவற்றைக் கொள்வதே பொருத்தம்.

வெப்பம்: உறுதி மிகுந்த இடம்

1910 முதல் ஆஸ்திரேலியா சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது என்று அந்நாட்டு வானிலை ஆய்வகமும் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனமும் 2024 அறிக்கையில் கூறுகின்றன. லூயிஸும் ஆண்ட்ரூ கிங்கும் 2000க்குப் பிந்தைய பதிவுகளைப் பார்த்தபோது, புதிய குளிர்ச் சாதனை ஒன்றுக்கு வெப்பச் சாதனை பன்னிரண்டு என்ற விகிதத்தைக் கண்டார்கள். மாறாத காலநிலையில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். 1791இலும் வௌவால்கள் செத்து விழுந்தனவே என்ற மறுப்பை இந்த இடத்தில்தான் சந்திக்க வேண்டும். அன்று ரோஸ் ஹில்லில் வெப்பமானி இல்லை என்று டென்ச்சே குறிப்பிடுகிறார். எனினும் 42 டிகிரியைத் தாண்டும்போது இந்த வௌவால் இனம் கூட்டமாக மடிவதை இன்றைய ஆய்வுகள் காட்டியிருப்பதால், அன்றும் அத்தகைய வெப்பம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆக 1791 நிகழ்வு உண்மையே. இயற்கையாகவே இங்கே கொடுவெப்பம் வரமுடியும் என்பதை அது நிறுவுகிறது. அது எவ்வளவு அடிக்கடி வருகிறது, எந்த உச்சம் வரை போகிறது என்ற கேள்விகளுக்கு ஓர் ஆண்டின் சான்று விடை தராது. நீண்ட பதிவுகளே தரும். அந்தப் பதிவுகள் தரும் விடை ஒரே திசையைக் காட்டுகிறது.

பரமட்டாவின் வெப்பத்தில் இன்னொரு பங்கும் கலந்திருக்கிறது. சிட்னிக் கடற்கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருப்பதால் கடற்காற்று இங்கே தாமதமாக வந்து சேர்கிறது. கோடையின் கொடும் நாட்களில் வராமலே போகிறது. உட்பகுதியின் வறண்ட மேல்காற்று நீலமலைத் தொடரிலிருந்து இறங்கும்போது மேலும் சூடாகிறது. அதோடு தார்ச்சாலைகளும் அடர்நிறக் கூரைகளும் வெட்டப்பட்ட மரங்களும் சேர்கின்றன. மாத் சாந்தமூரிஸ் உள்ளிட்ட நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடும் வெப்ப நாட்களில் மேற்குச் சிட்னிக்கும் கிழக்குக் கரைக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் பரமட்டாவின் சூடு நகரம் உண்டாக்கியதா, உலகம் உண்டாக்கியதா? இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது பிழை. ஊர்கள் இல்லாத வெளியிலும் கடலின் மேற்பரப்பிலும் வெப்பம் ஏறியிருப்பதால் உலகளாவிய பங்கை மறுக்க முடியாது. அதன் மேல் நகரம் தன் பங்கைச் சேர்க்கிறது. முதலாவதைப் பரமட்டா தனியாகக் குறைக்க இயலாது, இரண்டாவதை இயலும்.

மழை: இரண்டு ஆறுகள், இரண்டு விடைகள்

மழையைப் பொறுத்தவரை பரமட்டா வட்டாரம் ஓர் இயற்கையான ஆய்வுக்கூடம். டூங்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் கூடிப் பிறக்கும் பரமட்டா ஆற்றின் நீர்ப்பிடிப்பு சிறியது. பெரும்பகுதி கட்டடங்களால் மூடப்பட்டது. அங்கே வெள்ளத்தைத் தீர்மானிப்பது நிமிடங்களிலும் மணிகளிலும் கொட்டும் மழை. வடமேற்கில் உள்ள ஹாக்ஸ்பரி–நேப்பியனின் நீர்ப்பிடிப்போ மிகப் பரந்தது. அதற்கு நாட்கணக்கில் மழை வேண்டும். ஆகவே ஒரே கேள்விக்கு இரு ஆறுகளும் இரு விடைகளைக் கேட்கின்றன.

முதல் வகையில் சான்று வியக்கத்தக்கது. ஹூமான் அயத், ஜேசன் எவான்ஸ், ஸ்டீவன் ஷெர்வுட், ஜோஷுவா சோடர்ஹோம் ஆகியோர் சிட்னியைச் சுற்றியுள்ள ராடார்களின் இருபது ஆண்டுப் பதிவை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மழைக்கொட்டுகளின் வேகம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் என்ற அளவில் கூடியிருப்பதைக் கண்டார்கள். நாள்கணக்கு மழையில் அத்தகைய உயர்வைக் காணவில்லை. இந்த உயர்வு நீராவிக் கணக்கின் 7 சதவீதத்தைவிடப் பல மடங்கு பெரியது. அறியப்பட்ட இயற்கை ஊசலாட்டங்களோடு இது தொடர்புடையதாகத் தெரியவில்லை என்றார்கள் அவர்கள்; ஆனால் இருபது ஆண்டு என்பது சிறிய காலம்.  ஆயினும் பொறியாளர்கள் திசையை ஏற்றுக்கொண்டார்கள். வடிகால்களையும் பாலங்களையும் வடிவமைக்க நாடெங்கும் பயன்படும் ஆஸ்திரேலிய மழை–நீரோட்ட வழிகாட்டி 2024இல் திருத்தப்பட்டது. ஒரு மணி நேரம் அல்லது அதற்குக் குறைவான மழைக்கு ஒரு டிகிரிக்கு 15 சதவீதமும், ஒரு நாள் மற்றும் அதற்கு மேற்பட்ட மழைக்கு 8 சதவீதமும் கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அது. முன்பு இருந்த அளவு 5 சதவீதம்.

இரண்டாவது வகை சிக்கலானது. மழை கூடினால் வெள்ளமும் கூடியாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆஷிஷ் ஷர்மா, கான்ராட் வாஸ்கோ முதலியோர் சுட்டிக்காட்டுவது போல, சூடான காற்று மண்ணைக் காயவைப்பதால் மழையின் ஒரு பகுதியை மண்ணே விழுங்கிவிடுகிறது. இதனால் சிறிய, நடுத்தர வெள்ளங்கள் பல இடங்களில் குறைகின்றன. மிக அரிய பெருவெள்ளங்களில்தான் உயர்வு எதிர்பார்க்கப்படுகிறது. ஹாக்ஸ்பரிப் பள்ளத்தாக்கு பல துணையாறுகள் ஒரே நேரத்தில் நிரப்பி, ஒரு குறுகலான மலையிடுக்கின் வழியே மட்டும் வடியும் தொட்டி போன்றது. அங்கே மழையின் கூட்டுத்தொகையும் அது நீடிக்கும் நாட்களும்தான் கணக்கு. 2021, 2022 வெள்ளங்களில் வின்ட்சரில் நீர் சுமார் 13 முதல் 14 மீட்டர் வரை உயர்ந்தது. 1867இன் உச்சம் அதைவிட மிக உயரம். ஆகவே நீர்மட்டத்தை மட்டும் வைத்து, முன்பு நடந்திராதது நடந்துவிட்டது என்று இங்கே சொல்ல முடியாது. கிம்பர்லி ரீடும் சக ஆய்வாளர்களும் 2021 மார்ச் மழைக்குக் காரணமான, வானில் ஆறு போல நீண்ட நீராவிப் பட்டையை ஆராய்ந்து, சிட்னி மீது அத்தகைய நீடித்த நீராவி ஓட்டத்தின் வாய்ப்பு இந்நூற்றாண்டின் இறுதியில் சுமார் 80 சதவீதம் கூடலாம் என்று கணித்தார்கள். இது காலநிலை மாதிரிகளின் வழியே எதிர்காலத்தைப் பற்றிய கூற்று. நடந்துமுடிந்த வெள்ளத்தின் காரணத்தை அது நிறுவவில்லை.

காட்டுத்தீ: கூட்டு விளைவின் சிக்கல்

2019–20 காட்டுத்தீக் காலம் ஆஸ்திரேலியாவில் 33 உயிர்களை நேரடியாகப் பறித்தது. கிழக்கு மாநிலங்களில் புகையால் நேர்ந்த கூடுதல் மரணங்கள் 417 என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நீலமலைக்கு வடக்கே 5 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீயின் தொடக்கம் ஒரு மின்னல். தீ வைத்தவர்களே காரணம் என்ற பரவலான வாதம், பெருந்தீக்கள் பலவும் மின்னலால் தொடங்கியவை என்பதால் நிற்கவில்லை. காட்டில் சேர்ந்த விறகுச் சுமையே காரணம் என்ற வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. பூர்வகுடிகளின் நிதானமான எரிப்பு முறைகள் கைவிடப்பட்டதையும் கவனிக்க வேண்டும். ஆனால் விறகு எரிய வேண்டுமானால் காய வேண்டும். 2019 ஆஸ்திரேலியப் பதிவுகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு. டேவ் ஓவன்ஸும் மேரி ஓ'கேனும் நடத்திய மாநில அரசின் 2020 விசாரணை, காலநிலை மாற்றம் இத்தீக்கு இட்டுச்சென்ற நிலைமைகளில் தெளிவாகப் பங்கு வகித்தது என்று முடிவு செய்தது.

வான் ஓல்டன்போர்க் குழுவினரின் 2021 ஆய்வு மேலும் நுணுக்கமானது. தீக்கு உகந்த அத்தகைய வானிலையின் வாய்ப்பு 1900க்குப் பின் குறைந்தது 30 சதவீதம் கூடியிருக்கிறது. அதன் முதன்மைக் காரணம் வெப்பம். அதே ஆய்வு, வறட்சியில் மனிதத் தாக்கத்தின் தெளிவான போக்கைக் காணவில்லை என்றும், மாதிரிகள் உண்மையில் ஏறிய வெப்பத்தைக் குறைத்தே காட்டுகின்றன என்றும் கூறியது. ஆகவே 30 சதவீதம் என்பது கீழெல்லை, மேலெல்லை தெரியவில்லை. மாதிரிகள் மிகைப்படுத்துகின்றன என்ற பொதுவான குற்றச்சாட்டுக்கு நேர் எதிரான பிழை இது. நிச்சயமின்மை எப்போதும் நிம்மதியின் பக்கமே சாயும் என்று நம்புவதற்கு இடமில்லை.

பொறுப்பு யாருடையது என்ற மறுப்பு

இன்னும் இரு மறுப்புகள் மதிப்புடன் விடையளிக்கத் தக்கவை. முதலாவது, காப்பீட்டுத் துறை ஆய்வாளர்கள் எழுப்புவது. ஆஸ்திரேலியாவின் பேரிடர் இழப்புகளை வீடுகளின் எண்ணிக்கைக்கும் மதிப்புக்கும் ஏற்பத் திருத்திப் பார்த்தால், தெளிவான ஏறுமுகம் தெரியவில்லை என்று ரயன் கிராம்டனும் ஜான் மெக்அனீனியும் காட்டினார்கள். இழப்பு கூடியதற்கு ஆபத்தான இடங்களில் அதிகம் கட்டியதே காரணம் என்பது இதன் பொருள். இந்த முடிவை ஏற்கலாம். ஆனால் அது இழப்பைப் பற்றியது, வானிலையைப் பற்றியது அல்ல. கட்டட விதிகளும் முன்னெச்சரிக்கைகளும் மேம்பட்டிருப்பதால் ஆபத்து கூடியும் இழப்பு கூடாமல் இருக்கலாம். மேலும் இந்நாட்டில் இயற்கைப் பேரிடர்களுள் மிக அதிக உயிர்களைக் குடித்த வெப்ப அலை, காப்பீட்டுக் கணக்கில் ஏறக்குறைய இடம்பெறுவதே இல்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. காலநிலையைக் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தால், ஆட்சியாளர்களின் பிழைகள் மறைந்துபோகும் என்கிறார்கள் எம்மானுவேல் ராஜு, எமிலி பாய்ட் முதலியோர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், காரணக் கணிப்பின் முன்னோடியான ஓட்டோவும் இந்தக் கருத்தில் அவர்களோடு நிற்கிறார். பரமட்டா வட்டாரத்தில் இதன் பொருள் கண்முன்னே இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழும் வென்ட்வொர்த்வில், டூங்காபி, வெஸ்ட்மீட் போன்ற பகுதிகளில் நெருக்கமான அடுக்குமாடிகள் உயர்கின்றன. 48 டிகிரி வெயிலில் மேல்மாடி வாடகை வீட்டில் குளிர்சாதனமின்றி இருக்கும் முதியவருக்கும், கடற்கரையோரம் மரநிழலில் வாழ்பவருக்கும் வானிலை ஒன்றல்ல. சிட்னியின் தென்மேற்குப் புதுக்குடியிருப்புகளில் அடர்நிறக் கூரைகளைத் தவிர்க்க முன்மொழியப்பட்ட விதி 2022இல் கைவிடப்பட்டது. இது முழுக்க முழுக்க மனித முடிவு. எந்த எல் நினோவும் இதற்குப் பொறுப்பல்ல. வெப்பமாதல் ஆபத்தின் அளவை உயர்த்துகிறது. அந்த ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பதை நிலப் பயன்பாடும் வாடகைச் சட்டமும் வருமானமும் தீர்மானிக்கின்றன.

மதிப்பீடு

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளைத் தொகுத்தால், இயற்கையா மனிதனா என்ற பிரிப்பே இந்த விவாதத்தை நெடுங்காலம் திசைதிருப்பியது எனத் தோன்றுகிறது. ரஸ்ஸலும் வாக்கரும் தேடிய ஊசலாட்டங்கள் உண்மையானவை; அர்ரேனியஸ் கணக்கிட்ட உயர்வும் உண்மையானது. வெப்பமாதல் அந்த ஊசலாட்டங்களின் வழியாகவே மக்களைத் தொடுகிறது. எல் நினோவின் வறட்சி முன்பைவிடச் சூடான நிலத்தில் இறங்குகிறது. லா நினாவின் மழை முன்பைவிட நீராவி மிகுந்த காற்றிலிருந்து பொழிகிறது.

திறந்திருக்கும் கேள்விகளும் சிறியவை அல்ல. மிகப் பெரியது பசிபிக் பற்றியது. வெப்பமான உலகில் எல் நினோவின் வீச்சு கூடும் என்று வென்ஜு சாயும் சக ஆய்வாளர்களும் கருதுகிறார்கள். ஆனால் பல மாதிரிகள் கிழக்குப் பசிபிக் விரைந்து சூடாகும் என்று சொல்ல, கடந்த சில பத்தாண்டுகளில் கடல் அப்படி நடந்துகொள்ளவில்லை. இந்த முரண் தீராதவரை, கிழக்கு ஆஸ்திரேலியா பொதுவாக வறண்டுபோகுமா ஈரமாகுமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. கிழக்குக் கரைத் தாழ்வழுத்தங்கள் குளிர்காலத்தில் எண்ணிக்கையில் குறையும் எனக் கணிப்புகள் காட்டுகின்றன. வருபவை எவ்வளவு மழை தரும் என்பது தனிக் கேள்வி. 1999 ஏப்ரலில் சிட்னியின் கூரைகளை நொறுக்கியது போன்ற ஆலங்கட்டிப் புயல்களுக்கு நீண்ட, சீரான பதிவு இல்லாததால், அவற்றின் போக்கைப் பற்றிய கூற்றுகள் இன்னும் தற்காலிகமானவையே. ராடார் காட்டிய மழைக்கொட்டு உயர்வு இதே வேகத்தில் தொடருமா என்பதும் இன்னும் பல ஆண்டுப் பதிவுகளுக்குப் பின்பே தெரியும்.

இவை எவையும் காத்திருப்பதற்கான காரணங்கள் அல்ல. முடிவெடுக்கத் தேவையான உறுதி ஒவ்வொரு துறைக்கும் வேறு. வெப்பத்தைப் பொறுத்தவரை சான்று போதுமான அளவுக்கு மேல் இருக்கிறது. நிழல், கூரை, வாடகை வீடுகளின் தரம், முதியோருக்கான குளிர்விடங்கள் ஆகியவற்றைத் தள்ளிப்போட அறிவியலைச் சாக்காகச் சொல்ல முடியாது. குறுகிய நேர மழைக்குப் பொறியாளர்களின் திருத்திய அளவுகள் வந்துவிட்டன; இனிக் கட்டும் வடிகால்கள் அவற்றைப் பின்பற்றுகின்றனவா என்று கேட்பது குடிமக்களின் உரிமை. ஹாக்ஸ்பரியில் வெப்பமாதலின் பங்கு எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், 1867இன் நீர்மட்டம் இயற்கையாகவே வந்தது என்பது தெரியும். அந்த உயரத்துக்குக் கீழே புதிய குடியிருப்புகளை எழுப்பாமலிருக்க அந்த ஒரு பதிவே போதும். உமிழ்வைக் குறைப்பது உலகின் கூட்டுக் கடமை. அதில் ஆஸ்திரேலியாவின் பங்கு அதன் நிலக்கரி, எரிவாயு ஏற்றுமதியால் கூடுகிறது. தெரிந்தவற்றுக்கும் தெரியாதவற்றுக்கும் இடையிலான எல்லையைத் துல்லியமாக வரைந்துகாட்டி, தெரிந்தவரை உடனே செயல்படுவதுதான் இன்றைய சான்றுகள் அனுமதிக்கும் பொறுப்பான முடிவு.